புயலுக்கு நாம் எந்தப் பக்கம்? கடலூரிலிருந்து ஒரு கைக்குறிப்பு

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர் துறைமுகத்தில் டீக்கடை முதல் ஏலக்கூடம் வரை ஒரே கேள்விதான்: புயல் எங்கே கரையைக் கடக்கும்? அது பாதிக் கேள்வி என்பது என் கட்சி. நமக்கு வடக்கே கடக்கிறதா, தெற்கே கடக்கிறதா, எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பது மீதிப் பாதி. சேதத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த மீதிதான்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைப் பக்கம் இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கடலோரத்தில் வலுவிழந்து அப்படியே நின்றுவிட்டது. தொலைக்காட்சியில் எல்லோரும் ராமேஸ்வரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மழை கொட்டியதோ இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், எங்கள் பக்கத்தில். ஒரே நாளில் கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ.; நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. 2023-இல் மிக்ஜாம் தமிழ்நாட்டில் கரையேறவே இல்லை, ஆந்திராவின் பாபட்லா அருகே போய்க் கடந்தது. சென்னை மூழ்கியது.

நான் வானிலை படித்தவன் அல்லன். துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஒரு பார் ஐஸ் உறைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். நாளை படகுகள் கடலுக்குப் போகாது என்றால் இன்று உறைய வைப்பதெல்லாம் மின்கட்டணத்துக்குத் தண்டம். அப்படித்தான் வானிலை அறிக்கையை வரி விடாமல் படிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது.

அறிக்கையிலிருந்தே தொடங்குங்கள். இந்திய வானிலை ஆய்வு மையம் பயன்படுத்தும் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் காற்றின் வேகத்தில் எல்லை உண்டு. மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழ் இருந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல். இது முழுக்கக் காற்றின் கணக்கு, மழையின் கணக்கு அன்று. 'வெறும் தாழ்வு மண்டலம்தானே' என்று யாராவது சொன்னால் புரெவியை நினைவூட்டுங்கள்.

அடுத்து ஒரு வரைபடத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். குறுக்கே கிழக்கு தீர்க்கரேகை 77 முதல் 92 வரை, நெடுக்கே வடக்கு அட்சரேகை 5 முதல் 20 வரை கோடு போட்டு, உங்கள் ஊரைப் புள்ளி வையுங்கள். கடலூர் ஏறத்தாழ 11.75 வடக்கு, 79.77 கிழக்கு. ஒவ்வோர் அறிக்கையிலும் வரும் மையத்தின் இடத்தைக் குறித்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். அறிக்கை வெளியான நேரத்தை எழுதக் கூடாது. அவதானித்த நேரம் அதைவிடச் சில மணி நேரம் முந்தையதாக இருக்கும். நம் அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது எந்தப் பக்கம் அளந்தாலும் ஏறத்தாழ 110 கி.மீ. காலை 5.30-க்கு 84.0-இல் இருந்த மையம் 11.30-க்கு 83.4-இல் இருந்தால், ஆறு மணி நேரத்தில் 66 கி.மீ.; மணிக்கு 11. அடுத்த அறிக்கையில் அது 5 ஆகக் குறைந்தால் நான் அப்போதுதான் கவலைப்படத் தொடங்குவேன். வேகமாக வரும் புயல் மரத்தைச் சாய்த்துவிட்டுப் போய்விடும். மெதுவாக வருவது ஊரை ஊறப் போடும்.

இனி காற்று. இதற்குக் கருவியே வேண்டாம், மொட்டைமாடியும் ஒரு துணிக்கொடியும் போதும். காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். இடது கையை நீட்டி, அதைச் சற்று முன்பக்கமாகக் கொண்டுவாருங்கள். தாழ்வின் மையம் அந்தத் திசையில் இருக்கிறது. வாடைக்காற்று வடக்கிலிருந்து வந்தால் மையம் கிழக்கே, கொஞ்சம் தென்கிழக்காக. இதை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே வாருங்கள். காற்று வடக்கிலிருந்து வடகிழக்கு, பிறகு கிழக்கு என்று திரும்பினால் புயல் உங்களுக்குத் தெற்கே போகிறது. அதாவது கொண்டல் வீசும் பக்கம், கடல்நீரை ஊருக்குள் தள்ளும் பக்கம் உங்களுடையது. வடக்கிலிருந்து வடமேற்கு, மேற்கு என்று திரும்பினால் புயல் வடக்கே போகிறது. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், அலை கரையேறும் பயம் குறைவு. திசை மாறாமல் வலு மட்டும் ஏறிக்கொண்டே போய், அழுத்தமும் இறங்கினால், வருவது உங்களை நோக்கித்தான். அப்படி வந்து திடீரென்று காற்று அடங்கினால் அது கண். வெளியே வந்து சாய்ந்த மரத்தைப் படம் எடுக்கத் தோன்றும் நேரம் அதுதான். எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் அடிக்கும்.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டும் இதையேதான் சொல்கிறது, ஆனால் அதை அப்படிப் படிப்பவர்கள் குறைவு. எண் பெரிதானால் ஆபத்து பெரிது என்று மட்டும் நினைக்கிறார்கள். 5-ஆம் எண் என்றால் புயல் தன் பாதையில் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுவிட்டுக் கரையைக் கடக்கும். நம் கிழக்குக் கரையில் அதன் பொருள், துறைமுகத்துக்கு வடக்கே கடக்கிறது. 6 என்றால் வலப்பக்கம், அதாவது தெற்கே. 7 என்றால் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ. 8, 9, 10 இதே வரிசைதான், தீவிரப் புயலுக்கு. கடலோரத்தில் வீடு உள்ளவருக்கு 5-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

அழுத்தமானி சில கைப்பேசிகளிலேயே இருக்கிறது. அதில் காட்டும் எண்ணைவிட அது எப்படி மாறுகிறது என்பதே முக்கியம். எட்டு மீட்டர் உயரம் ஏறினாலே ஒரு மில்லிபார் குறையும் என்பதால் எப்போதும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். இதில் புதியவர்கள் பதறும் இடம் ஒன்று உண்டு. நம் பகுதியில் புயல் இல்லாத நாளிலும் அழுத்தம் காலை பத்து மணிவாக்கில் உச்சம் தொட்டு, மாலை நான்கு மணிக்குச் சில மில்லிபார் இறங்கும். இரவு பத்துக்கு ஏறி, விடியற்காலை நான்குக்கு இறங்கும். ஆகவே இன்று நான்கு மணியை நேற்றைய நான்கு மணியோடுதான் ஒப்பிட வேண்டும். வழக்கத்தைவிட 3 மில்லிபார் குறைந்தால் விழித்துக்கொள்ளுங்கள், 5 குறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

எங்களுக்கு அருகில் இருப்பது காரைக்கால் ரேடார், அடுத்தது சென்னை. படத்தைத் திறந்ததும் வண்ணத்தைப் பார்க்காதீர்கள், மூலையில் உள்ள நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரமாக இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பழைய படத்தைப் புதியது என்று நம்பிப் பகிர்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். ரேடாரின் கதிர் தொலைவு போகப் போக உயரே போய்விடும் என்பதால், தூரத்து மழையை அது குறைத்துக் காட்டலாம். செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் பளிச்சென்று தெரிவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதுதான். உயரத்துக் காற்று மேகக் கூட்டத்தை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால், வெள்ளைத் திட்டின் நடுவே மையம் இருக்காது. பொழுது விடிந்ததும் வரும் முதல் ஒளிப்படத்தில், மேகம் விலகிய இடத்தில் சுழல் தனியே தெரிவது உண்டு.

வானிலையை முன்கூட்டிக் கணிக்கும் கணினி மாதிரிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பத்து நாளுக்குப் பிறகு சென்னையைப் புயல் தாக்கும் என்று ஏதோ ஒரு மாதிரி எல்லா ஆண்டும் காட்டும். ஐரோப்பிய மாதிரியும் அமெரிக்க மாதிரியும் அடுத்தடுத்த கணிப்புகளில் ஒரே இடத்துக்கு நெருங்கி வருகின்றனவா என்று பாருங்கள். மூன்று நாளுக்கு மேற்பட்டதைக் கதையாக மட்டும் படியுங்கள்.

மழைமானி சொந்தமாகச் செய்யலாம். 20 செ.மீ. விட்டமுள்ள புனல், கீழே ஒரு கேன். 31.4 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை. தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மரத்துக்கும் சுவருக்கும் அவற்றின் உயரத்தைப்போல இருமடங்கு தள்ளி வையுங்கள். கேன் பெரிதாக இருக்கட்டும்: 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் கரையைக் கடந்து நகராமல் நின்றபோது புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இந்தப் புனலுக்கு அது 15 லிட்டர். நாள்தோறும் காலை 8.30-க்கு அளவெடுங்கள், அப்போதுதான் அரசுக் கணக்கோடு ஒப்பிட முடியும். பலத்த காற்றில் எந்த மானியும் குறைத்தே காட்டும்.

புயல் கரையேறிய பிறகும் தாளை மடித்து வைக்காதீர்கள். ஃபெங்கல் எங்களுக்கு வடக்கே கடந்தது, காற்றிலிருந்து கடலூர் ஓரளவு தப்பியது என்று பேசிக்கொண்டார்கள். அது உள்ளே போய்க் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஏறத்தாழ அரை மீட்டர் மழையைக் கொட்டியது. டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. அந்த அணை இருக்கும் தென்பெண்ணை ஆறு கடலில் கலப்பது எங்கள் ஊரில். ஆகவே என் தாளில் இப்போது மேற்கே ஒரு கூடுதல் பத்தி இருக்கிறது: சாத்தனூர், கிருஷ்ணகிரி அணைகளின் வெளியேற்றம். உங்கள் ஊர் ஆறு எந்த மாவட்டத்து மழையைச் சுமந்து வருகிறது என்று பார்த்து, அந்த அணைகளை எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் குறித்த பிறகு வாட்ஸ்அப்பில் முன்னறிவிப்பு எழுதக் கை துறுதுறுக்கும். அளந்ததைச் சொல்லுங்கள்: காற்று எந்தத் திசை, மழை எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மணிக்கு. எச்சரிக்கை கொடுப்பது வானிலை மையத்தின் வேலை; பீதியைக் கிளப்பும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. உதவி தேவைப்பட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் வரைபடத் தாளின் மேல் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். மின்சாரம் போய்க் கைப்பேசி அணைந்த பிறகு உங்களிடம் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.