டயர்ல எத்தனை பிஎஸ்ஐ வைக்கணும்? பெங்களூர்ல ஸ்பீடு வண்டி ஓட்டுறவங்களுக்கு

புதுசா டர்போ வண்டி எடுத்த ஆபீஸ் தம்பி ஒருத்தன் போன வாரம் கேட்டான், "அண்ணே டயர்ல எத்தனை வைக்கிறீங்க, நம்பர் மட்டும் சொல்லுங்க"ன்னு. பிஎஸ்ஐங்கறது டயருக்குள்ள இருக்கிற காத்தழுத்தத்தோட அளவு. நம்பர் சொல்லலாம், ஆனா அதை எப்ப அளந்தோம்னு தெரியாம நம்பரால ஒரு புண்ணியமும் இல்ல. அவனுக்கு டீக்கடையில நின்னு சொன்னதை இங்கயும் எழுதிடறேன்.

மொதல்ல டிரைவர் கதவைத் திறந்து தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க, சில வண்டியில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும். முன்னாடி எவ்வளவு பின்னாடி எவ்வளவு, ஆள் கம்மின்னா எவ்வளவு, ஃபுல் லோடுன்னா எவ்வளவுன்னு தனித்தனியா போட்டிருக்கும். அழுத்தத்துக்கான இன்னொரு அளவான பார் கணக்குல இருந்தா 14.5-ஆல பெருக்குங்க, 2.3 பார்னா 33 பிஎஸ்ஐ சொச்சம். டயர் பக்கவாட்டுல மேக்ஸ்னு அச்சடிச்சிருக்கிற நம்பரை வச்சு காத்து அடிக்கவே அடிக்காதீங்க, அது டயரோட உச்ச வரம்பு, உங்க வண்டிக்கான அளவு கிடையாது.

ஸ்டிக்கர்ல இருக்கிறது கோல்டு பிரஷர், அதாவது டயர் ஆறியிருக்கறப்ப அளக்கற அழுத்தம். வண்டி 3 மணி நேரமாச்சும் நின்னிருக்கணும், இல்லன்னா ஒன்றரை கிலோமீட்டருக்குள்ளதான் ஓடியிருக்கணும். ஓட ஓட டயர் சூடாகி உள்ள பிரஷர் ஏறும், காலைல 33 வச்சது ஹைவேல அரை மணி நேரம் விரட்டின பிறகு 37, 38 காட்டும், அது ஏறத்தான் செய்யும், அதையும் சேர்த்து யோசிச்சுதான் கம்பெனிக்காரன் 33 போட்டிருக்கான்.

இது தெரியாம நான் ஒரு டயரையே இழந்தேன். பெங்களூர் நைஸ் ரோட்டுல நல்லா ஓட்டிட்டு வந்து ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தினேன், பையன் கன்னடத்துல "எஷ்டு ஹாக்லி", எவ்வளவு அடிக்கட்டும்னான், நான் 33-ன்னேன், அவன் மீட்டர் வச்சு 38 இருக்குன்னு புஸ்ஸுனு இறக்கி 33 ஆக்கி விட்டான். மறுநாள் காலைல டயர் ஆறினதும் அது 28 கிட்ட இறங்கியிருக்கும், நான் அளக்கல. என்னோட டயர் சைஸ் 225/45 ஆர்17, பக்கச்சுவர் ரொம்பக் குள்ளம். சர்ஜாபூர் ரோட்டுல மழைத்தண்ணி ரொம்பி நின்ன பள்ளம் ஒண்ணு, டம்முனு இறங்குச்சு, வீட்டுக்கு வந்து பார்த்தா டயர் பக்கவாட்டுல நெல்லிக்காய் சைஸுக்கு வீக்கம். உள்ள இருக்கிற நூல் அறுந்தாதான் அப்படிப் புடைக்கும், அதுக்கு ரிப்பேர் கிடையாது, டயரையே மாத்தணும். அதனால சூட்டுல காத்தை இறக்காதீங்க, சொந்தமா ஒரு டிஜிட்டல் மீட்டரும் 12 வோல்ட் பம்பும் வாங்கி வச்சுக்கிட்டு காலைல பார்க்கிங்லயே அளந்துடுங்க. பங்க் மீட்டரும் உங்க மீட்டரும் ரெண்டு மூணு பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டினாலும் பரவால்ல, தினமும் ஒரே மீட்டர்ல அளக்கறதுதான் முக்கியம்.

ஊருக்கு ஊர் என்ன ஆகும்னும் கேட்டான். வெப்பம் 5, 6 டிகிரி மாறினா ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ மாறும். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல இருக்கு, வெளிக்காத்தோட அழுத்தம் இங்க கம்மி, அதனால சென்னைல அளந்த அதே டயர் இங்க மீட்டர்ல ஒண்ணரை பிஎஸ்ஐ கிட்ட கூடக் காட்டும். ஆனா சென்னைல 32 டிகிரில வச்சுட்டு இங்க 20 டிகிரி காலைல அளந்தா குளிர் 2 பிஎஸ்ஐ இறக்கிடும், ரெண்டும் கழிஞ்சு கிட்டத்தட்ட பழைய நம்பரே வரும். டிசம்பர்ல மட்டும் மறக்காம அடிக்கடி பாருங்க.

குடும்பத்தோட லக்கேஜ் ஏத்திக்கிட்டு சேலம் போறப்ப ஃபுல் லோடு நம்பர் வைங்க, குறிப்பா பின்னாடி. தொப்பூர் இறக்கத்துல காத்து கம்மியான டயரோட வளைவு எடுக்கறது வேண்டவே வேண்டாம். மழைலயும் அப்படித்தான், காத்து குறையக் குறைய டயர் தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கற வேகமும் குறையும், அதாவது கம்மி வேகத்துலயே மிதந்து பிடி விட்டுடும். எக்ஸ்எல்-ங்கற கூடுதல் எடை தாங்கற டயர் மாத்தினவங்க ஸ்ட்ராங்கா இருக்கேன்னு காத்தைக் குறைக்காதீங்க, அது கூடுதல் எடை தாங்கறதே கூடுதல் காத்துலதான். நைட்ரஜனுக்குத் தனியா காசு கொடுக்கணும்னு அவசியமில்ல, சாதா காத்துலயே 78 சதவீதம் அதுதான்.

இனி ஹேண்ட்லிங். முன்சக்கர டிரைவ் வண்டி வளைவுல மூக்கை வெளிப்பக்கம் தள்ளுதுன்னா பின்னாடி மட்டும் 1, 2 பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்க, வண்டி இன்னும் சுளுவா திரும்பும், ஆனா ஈர ரோட்டுல பின்பக்கம் வழுக்க வாய்ப்பு இருக்கு, அதனால மழைக்காலத்துல ஸ்டிக்கருக்கே வந்துடுங்க. ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தான், எல்லாத்தையும் சேர்த்து மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. மாசம் ஒருக்கா தேய்மானம் பாருங்க, நடுவுல தேஞ்சா காத்து ஜாஸ்தி, ரெண்டு ஓரமும் தேஞ்சா கம்மி, உள் ஓரம் மட்டும்னா காத்து மேல பழி போடாம வீல் அலைன்மென்ட் பாருங்க.

ரேஸ் டிராக்ல கதையே வேற, அங்க ஓடிச் சூடான டயரோட பிரஷர்தான் கணக்கு. நான் சென்னை பக்கத்துல இருக்கிற இருங்காட்டுக்கோட்டை டிராக் போனா கோல்டுல 30 வச்சு ஆரம்பிப்பேன், மூணு நாலு ரவுண்டு போயிட்டு நேரா டிராக் ஓரம் வண்டி நிறுத்தற பிட்டுக்கு வந்து டயர் ஆறுறதுக்குள்ள நாலையும் அளப்பேன், என் டயருக்கு 35 கிட்ட நல்லா பிடிக்குது, உங்க டயருக்கு வேற இருக்கலாம். வலது வளைவு அதிகமா இருக்கிற டிராக்ல இடது டயர் கூட சூடாகும், அதனால இடதும் வலதும் வேற வேற அளவு காட்டினா பயப்படாதீங்க. சாக்பீஸை டயர் ஓரத்துல குறுக்கா தேய்ச்சு விடுங்க, பக்கவாட்டுல குட்டி முக்கோணம் ஒண்ணு இருக்கும், அதையும் தாண்டி சாக்பீஸ் அழிஞ்சிருந்தா டயர் மடங்குது, காத்து ஏத்தணும், முக்கோணத்துக்கு எட்டாம மேலயே அழியறது நின்னுட்டா கொஞ்சம் இறக்கலாம். சாயங்காலம் டயர் நல்லா ஆறின பிறகு நாலையும் பழைய 33-க்கு ஏத்திட்டு அப்புறம் பெங்களூருக்கு வண்டியைத் திருப்புங்க, களைப்புல நிறைய பேர் விட்டுடற வேலை இதுதான்.