தனியாகப் போகலாமா? முடிவெடுக்கும்போது எங்கே சறுக்குகிறோம்

"அந்த நாடு பாதுகாப்பானதா?" தனியாகக் கிளம்ப நினைக்கும் எவரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒருவர் "நான் போயிட்டு வந்தேனே, ஒண்ணும் ஆகல" என்பார். இன்னொருவர் "ஐயோ, அங்கேயா!" என்பார். இரண்டையும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது. ஒரு நாடு முழுமைக்கும் ஒரே பதில் கிடையாது. ஒரே ஊருக்குக்கூட ஜூனில் ஒரு பதில், செப்டம்பரில் வேறு பதில்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அங்கே எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்த வழியாக வெளியே வருவேன்? எனக்கு ஆனது யாருக்கு, எத்தனை மணி நேரத்தில் தெரியவரும்? நாலு பேராகப் போனால் ஒருவருக்குக் காய்ச்சல் வரும்போது இன்னொருவர் மருந்துக்கடைக்கு ஓடுவார். தனியாகப் போனவர் காய்ச்சலோடு தானே ஓட வேண்டும். அந்த நிலைமைக்கு வழி செய்திருக்கிறோமா என்பதைப் பார்த்துத்தான் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நம்மவர்கள் இதில் எங்கெங்கே தவறுகிறார்கள் என்று பார்ப்போம்.

நாட்டின் பெயரை வைத்து முடிவெடுப்பது

தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேங்காக் நமக்குச் சிங்கப்பூரின் தேக்கா போலப் பழகிய ஊர். ஆனால் தெற்கே யாலா, பட்டாணி, நராதிவாட் மாநிலங்களில் 2004 முதல் பிரிவினைவாதத் தாக்குதல்கள் நடந்துவருகின்றன. கிழக்கே கம்போடிய எல்லையில் 2025 ஜூலையில் பீரங்கிச் சண்டையே நடந்தது. மலேசியாவின் சாபாவும் அப்படித்தான். கோத்தா கினபாலுவுக்கு விடுமுறைக்குப் போவது ஒன்று, முக்குளிக்கச் செம்பூர்ணா பக்கத்துத் தீவுகளுக்குப் போவது வேறொன்று. அந்தக் கிழக்குக் கரையில் ஆள்கடத்தல் அச்சத்தால் 2014இல் தொடங்கி பல ஆண்டுகள் இரவு நேரக் கடல் ஊரடங்கு இருந்தது.

ஆகவே ஊர், சாலை, மாதம் என்ற அளவுக்கு இறங்கிப் படியுங்கள். நம் வெளியுறவு அமைச்சின் பயண அறிவிப்பு முதலில். அதோடு ஆஸ்திரேலிய அரசின் ஸ்மார்ட்டிராவலர் தளத்தையும் பிரிட்டிஷ் அரசின் பயண ஆலோசனையையும் பாருங்கள். வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, வரைபடம் போட்டுச் சொல்வார்கள். அமெரிக்க அறிவிப்பில் 1 முதல் 4 வரை நிலைகள் உண்டு, 4 என்றால் ஆபத்து மிக அதிகம். நிலையோடு நிற்காமல் காரணத்தைப் படியுங்கள். குற்றச்செயல், பயங்கரவாதம், கலவரம், ஆள்கடத்தல், நோய், இயற்கைப் பேரிடர் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர் என்பதற்காக வரும் ஆபத்து உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். நிலநடுக்கமும் கொள்ளையும் யாருடைய பாஸ்போர்ட்டையும் பார்ப்பதில்லை.

பாஸ்போர்ட் என்றதும் ஒன்று. விசா இல்லாமல் உள்ளே விடுகிறார்கள் என்பதால் அந்த நாடு பத்திரமானது என்று ஆகிவிடாது. நம் சிவப்புப் புத்தகம் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போன பிறகு பல நாடுகளில் நமக்குத் தூதரகமே இல்லை. பக்கத்து நாட்டில் இருக்கும் தூதரகம்தான் உங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

யூடியூப்பைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது

தமிழில் இப்போது ஆப்கானிஸ்தானுக்கும் பாகிஸ்தானுக்கும் தனியாகப் போய்வந்து காணொளி போடுகிறார்கள். ஆர்வமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒளிப்பதிவுக் கருவியைப் பிடித்திருப்பது யார், ஏற்பாடு செய்த உள்ளூர்க்காரர் யார், வெட்டப்பட்ட பகுதியில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது. பிழைத்து வந்தவர்தான் காணொளி போடுகிறார் என்பதையும் மறக்க வேண்டாம். எதிர்ப்பக்கமும் இதே கதைதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய பழைய செய்தி ஒன்றைப் பார்த்துவிட்டு "வேண்டவே வேண்டாம்" என்று முடிவு கட்டுவதும் தவறு.

வெளியேறும் வழியை யோசிக்காமல் போவது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் நேபாளத்தின் காத்மாண்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஆபத்தான இடத்துக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கமாட்டார்கள். 4ஆம் தேதி அரசாங்கம் 26 சமூக ஊடகத் தளங்களுக்குத் தடை போட்டது. வாட்ஸ்அப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. 8ஆம் தேதி இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், அன்றைக்கு மட்டும் 19 பேர் உயிரிழந்தார்கள். 9ஆம் தேதி பிரதமர் பதவி விலகினார், நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது, திரிபுவன் விமான நிலையம் மூடப்பட்டது. மறுநாள்தான் திறந்தார்கள். அமைதியாக இருந்த ஊர் இப்படி மாற ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப் பண்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்திருப்பார்கள்? சிங்கப்பூர் எண்ணில் ரோமிங்கை நிறுத்தாமல் வைத்திருங்கள், சாதாரணக் குறுஞ்செய்தியாவது போகும். தங்குமிடத்தின் தொலைபேசி எண்ணை வீட்டில் எழுதிக் கொடுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி இறக்கி வையுங்கள்.

வழி அடைபடக் கலவரம்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. 2022இல் இலங்கையில் ஜூன் கடைசியிலிருந்து சுமார் இரண்டு வாரம் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். உங்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் கண்டியிலிருந்து விமான நிலையத்துக்கு வர வண்டி கிடைக்காது. இப்படிப்பட்ட இடங்களில் திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே விமான நிலையம் உள்ள ஊருக்கு வந்துவிடுவது நல்லது. சில்லறை நோட்டுகளாக அமெரிக்க டாலரும் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மருந்தும் கையில் இருக்கட்டும்.

வீட்டில் ஊர் பெயரை மாற்றிச் சொல்வது

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இது சாதாரணம். முக்கியமாகப் பெண்பிள்ளைகள். "தோழிகளோட பினாங்கு போறேம்மா" என்று சொல்லிவிட்டு வேறெங்கோ தனியாகப் போவது. சொன்னால் விடமாட்டார்கள் என்ற பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பொய்யால், காணாமல் போனால் தேடக்கூடிய ஒரே கூட்டத்தைத் தவறான ஊரில் தேட வைக்கிறீர்கள். வெளியுறவு அமைச்சு அதிகாரி வீட்டுக்குத் தொலைபேசி செய்தால் அம்மா மனதார "பினாங்கு" என்றுதான் சொல்வார்.

"அங்கே ஒண்ணும் ஆகாதும்மா" என்று வாதாடினால் அம்மா ஒத்துக்கொள்ளப்போவதில்லை. ஒரு தாளில் பயணத்தை எழுதி நீட்டுங்கள். "போறதுக்கு அனுமதி கேக்கல, இதுல ஓட்டை எங்கே இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். விரலை வைத்து வரி வரியாகப் படிப்பார்கள். "ராத்திரி பதினொன்றரைக்கு இறங்கினா ஊருக்குள்ள எப்படிப் போவே?" என்பது முதல் கேள்வியாக வரும். சரியான கேள்வி. சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு விமானத்தில் ஏறினால் நள்ளிரவை ஒட்டித்தான் இறங்குவீர்கள், விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு நகரம் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கையில் பெட்டி, கண்ணில் தூக்கம், செல்பேசியில் உள்ளூர் சிம் இல்லை. தனியாகப் போகும் பயணத்தில் மிகவும் தடுமாறக்கூடிய நேரம் அதுதான். 50 வெள்ளி கூடினாலும் பகலில் இறங்கும் விமானத்தை எடுங்கள். இல்லையென்றால் முதல் இரவுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை போட்டு, அவர்களுடைய வண்டியையே வரச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் சொல்லவே முடியாது என்றால் அக்காவிடமாவது மாமா மகனிடமாவது முழு உண்மையைச் சொல்லுங்கள். ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மொழி தெரியும் என்ற தைரியம்

யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் தமிழ் பேசினால் போதும்தான். ஆனால் எந்தத் தெரு எத்தனை மணிக்கு அடங்கும், எந்தப் பேருந்தில் கடைசி நடை எப்போது என்பதெல்லாம் அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். தங்கியிருக்கும் வீட்டு அம்மாவைக் கேளுங்கள். அவர் "ஆறு மணிக்கு மேலே அந்தப் பக்கம் வேண்டாம் பிள்ளை" என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

"தனியாவா வந்திருக்கீங்க?" என்று வழியெல்லாம் கேட்பார்கள். பெரும்பாலும் அக்கறையில் கேட்பதுதான். இருந்தாலும் "அண்ணன் வந்துக்கிட்டிருக்காரு" என்று சொல்வதில் தவறே இல்லை. தங்கும் இடத்தின் பெயரை ஆட்டோக்காரரிடம் மட்டும் சொல்லுங்கள், அரட்டையில் சொல்ல வேண்டாம்.

இன்னொரு பக்கம் சிங்கப்பூர்ப் பழக்கம். உணவங்காடியில் செல்பேசியை மேசைமேல் வைத்து இடம் பிடித்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகிறோம். அந்தக் கை, யோசிக்காமலே, வெளியூரிலும் அதையே செய்யும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இங்கேயும் பையை மடியில் வைத்துப் பழகுங்கள்.

தவறான ஆபத்துக்குப் பயப்படுவது

குண்டுவெடிப்பைப் பற்றி இரவெல்லாம் படித்துவிட்டு, போய் இறங்கியதும் தலைக்கவசம் இல்லாமல் ஸ்கூட்டர் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் தாய்லாந்தில் 1 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 25 பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள். சிங்கப்பூரில் அது 2ஐ ஒட்டி இருக்கிறது. இங்கே மோட்டார்சைக்கிள் உரிமம் இல்லாதவர் பாலியில் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் காப்புறுதியும் கைவிட்டுவிடும், மருத்துவச் செலவு முழுவதும் உங்கள் தலையில்.

ஆண்பிள்ளைகள் "நமக்கென்ன" என்று இருப்பது இங்கேதான் ஆபத்தாகிறது. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியங்கில் மெத்தனால் என்ற நச்சு கலந்த மதுவால் ஆறு சுற்றுப்பயணிகள் இறந்தார்கள். யாரும் அவர்களைத் தாக்கவில்லை. இலவசமாக ஊற்றிக் கொடுக்கும் மதுவைத் தொடாதீர்கள்.

காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான திட்டங்களில் போருக்கு இழப்பீடு கிடையாது. ஒரு பிரச்சினை செய்தியில் வந்த பிறகு வாங்கினால் அந்தப் பிரச்சினைக்கும் கிடைக்காது. அதனால் விமானச் சீட்டு வாங்கும் அன்றே காப்புறுதியையும் வாங்குங்கள், மருத்துவ வெளியேற்றம், அதாவது நோயாளியை வேறு ஊருக்கோ நாட்டுக்கோ சிகிச்சைக்குக் கொண்டுபோகும் செலவு, அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் கட்டியாயிற்றே என்று போவது

2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 7இல் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதத் தொடங்கியதும் ஸ்ரீநகர் உட்பட 30க்கும் மேற்பட்ட இந்திய விமான நிலையங்கள் மூடப்பட்டு, 12ஆம் தேதிதான் திறந்தன. அந்தத் தாக்குதலுக்கும் மோதலுக்கும் இடையில் இரண்டு வாரம் இருந்தது. மே மாதம் காஷ்மீர் போகச் சீட்டு வைத்திருந்தவருக்கு யோசிக்க அவகாசம் இருந்தது என்று அர்த்தம். ஆனால் விடுப்பு எடுத்தாயிற்று, மலிவு விலைச் சீட்டு, பணம் திரும்ப வராது என்னும்போது மனம் காரணம் கண்டுபிடிக்கும்: "அடங்கிடும், பாத்துக்கலாம்."

அதனால் எது நடந்தால் போகமாட்டேன் என்பதைச் சீட்டு வாங்குவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். அமைச்சு "தள்ளிப்போடுங்கள்" என்றால், நான் போகும் ஊரிலோ அதற்குப் போகும் சாலையிலோ தாக்குதல் நடந்தால், ஏற்பாடு செய்தவர் இரண்டு நாள் பதில் சொல்லாவிட்டால், போகமாட்டேன். ரத்து செய்தால் எத்தனை வெள்ளி போகும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தத் தொகையை இழக்க முடியாதென்றால் அந்தப் பயணத்தை இப்போது வைக்க வேண்டாம்.

போவதா வேண்டாமா என்று இரண்டே பதில்தான் என்றும் நினைக்க வேண்டாம். நாட்டுக்குத் தனியாகப் போய், சிக்கலான அந்த இரண்டு நாளுக்கு மட்டும் உள்ளூர் வழிகாட்டியோடு சேரலாம். பருவத்தை மாற்றலாம். முதல் முறை குழுவோடு போய், அடுத்த முறை தனியாகப் போகலாம். ஆனால் ஒரு பிரிவுக்குப் பிறகோ சண்டைக்குப் பிறகோ, "நான் யாருன்னு காட்டறேன்" என்று கிளம்பும் பயணத்தை இப்படிப்பட்ட ஊருக்கு வைக்காதீர்கள். திரும்பி வர வேண்டிய நேரத்தில் திரும்புவதற்கு அந்த மனநிலை விடாது.

யாரிடம் பதிவு செய்வது

சிங்கப்பூர்க் குடிமக்கள் வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவு செய்யலாம். இலவசம். நெருக்கடி வந்தால் யார் எங்கே இருக்கிறார் என்று தெரிந்து தொடர்புகொள்ள அது உதவும். அமைச்சின் 24 மணி நேர எண் 6379 8800, முன்னால் +65 சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே இருக்கும் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேறொரு நாட்டில் சிக்கினால் உங்களுக்குப் பொறுப்பு அங்குள்ள இந்தியத் தூதரகம்தான், சிங்கப்பூர்த் தூதரகம் அல்ல. அதன் அவசர எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போகும் நாட்டின் அவசர எண்களையும் எழுதுங்கள். இலங்கையில் போலீசுக்கு 119, ஆம்புலன்சுக்கு 1990. இந்தியாவில் எல்லாவற்றுக்கும் 112. பதற்றத்தில் விரல் தானாகச் சிங்கப்பூர் போலீஸ் எண்ணான 999 என்றுதான் அழுத்தும், அதனால் தாளிலும் எழுதிப் பையில் வையுங்கள். அதே தாளின் இன்னொரு பிரதி அக்காவிடம் இருக்கட்டும், கடைசியில் இப்படி ஒரு வரியோடு: "தினமும் சிங்கப்பூர் நேரம் இரவு 10க்குள் செய்தி அனுப்புவேன். வரவில்லையென்றால் முதலில் தங்குமிடத்துக்குப் பேசு. நள்ளிரவு தாண்டியும் தெரியவில்லையென்றால் தூதரகத்துக்குப் பேசு, காலை வரை காத்திருக்காதே."