தங்க ஊர்க் கதை எழுதுகிறீர்களா? பொதிக்காரரை மறந்துவிடாதீர்கள்

தங்க வேட்டைக் காலத்தை வைத்து எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே சறுக்கிவிடுகிறார்கள். தாடிக்காரர் ஒருவர் ஓடையில் குந்தி, தட்டில் மண் அலசிக்கொண்டிருப்பார். ஆனால் இன்றைய கனடாவில் இருக்கும் பார்க்கர்வில்லில், 1862 ஆகஸ்டில் பில்லி பார்க்கர் என்ற சுரங்கக்காரர் தங்கத்தைத் தொட்டது 52 அடி ஆழத்தில். அவ்வளவு ஆழம் போனால் மண் சரியாமல் மரம் கொடுத்து முட்டுக்கட்ட வேண்டும், ஊறுகிற தண்ணீரை இறைக்க வேண்டும், மழுங்கிய கடப்பாரையைக் காய்ச்சி அடிக்க வேண்டும். தச்சரும் கொல்லரும் இல்லாத தங்க ஊர் ஒரு வாரம்கூட ஓடாது.

அடுத்த சறுக்கல், 1863லேயே கடைவாசலில் மாட்டுவண்டியை நிறுத்துவது. யேல் என்ற ஊரில் தொடங்கிய கரிபூ வண்டிச்சாலை சுமார் 650 கிலோமீட்டர் கடந்து இந்த ஊரைத் தொட்டது 1865இல்தான். அதுவரை மாவும் பன்றி இறைச்சியும் ஆணியும் கோவேறு கழுதை முதுகில்தான் வந்தன. பொதி கட்டுவதை ஒரே வரியில் தாண்டிவிடாதீர்கள், அது பெரிய தொழில்: இரண்டு பக்கமும் எடை சரியாக நிற்க வேண்டும், கொஞ்சம் ஒருபக்கம் இழுத்தாலும் சேணம் உராய்ந்து முதுகு புண்ணாகிவிடும், அப்புறம் அந்த விலங்கால் சுமை தூக்க முடியாது, சரக்கும் வழியிலேயே நிற்கும். கேட்டலைன் என்று ஊரே அழைத்த ழான் கோ இந்தத் தொழிலில்தான் பேர் வாங்கினார். ஒட்டகத்தைக்கூட 1862இல் கொண்டுவந்து பார்த்தார்கள். பாறை அதன் பாதத்தைக் கிழித்தது, அதன் வாடை பட்டதுமே கழுதைகள் மிரண்டு ஓடின.

கடைக்காரரைப் பேராசை வில்லனாகக் காட்டுவதும் பழக்கமாகிவிட்டது. கொள்ளை லாபம் அடித்தவர்கள் இருந்தார்கள், சரி. ஆனாலும் அந்த விலையில் வண்டிக்கூலி எவ்வளவு, சாலைச் சுங்கம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பனி விழுந்தால் சரக்கு வரத்து சுருங்கிவிடும், அதனால் இலையுதிர் காலத்துக்குள் கிடங்கை நிரப்பியாக வேண்டும். 1868 செப்டம்பர் 16 அன்று ஊர் எரிந்தபோது அந்தக் குளிர்காலச் சரக்கும் சேர்ந்துதான் போனது.

இன்னொன்று, எல்லாரையும் வெள்ளைக்காரர் ஆக்காதீர்கள். குவாங் லீ என்ற சீனக் கடை அங்கே பெரிய கடைகளில் ஒன்று. முடிதிருத்தும் கடை வைத்திருந்த வெலிங்டன் மோசஸ் கறுப்பினத்தவர். கொலையுண்ட நண்பரின் தங்கக்கட்டி பதித்த, உடையில் குத்தும் ஊசியை அவர்தான் அடையாளம் கண்டார். அந்தத் துப்பை வைத்துக் குற்றவாளியைப் பிடித்து 1867இல் தூக்கிலிட்டார்கள். துப்பாக்கிச் சண்டை இல்லாமலே.