ஏபி டோராடஸ்: சுழலும் தெரியணும், சுழற்சியும் தெரியணும்

சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 25 நாள் ஆகிறது. ஏபி டோராடஸுக்கு 12 மணி 20 நிமிடம் போதும். சூரியனைவிடக் குளிர்ந்த, வயதில் மிகவும் இளைய விண்மீன் அது. சுமார் 49 ஒளியாண்டு தொலைவு. அந்த வேகத்தில் உள்ளே காந்தப்புலம் வலுத்து, மேற்பரப்பில் பெரிய பெரிய கரும்புள்ளிகள் கிளம்புகின்றன.

தமிழில் இரண்டையுமே 'சுழற்சி' என்று எழுதிக் குழப்பிக்கொள்கிறோம். இங்கே 'சுழல்' என்பது தன்னைத்தானே சுற்றுவது. 'சுழற்சி' என்பது புள்ளிகள் ஆண்டுக்கணக்கில் பெருகிக் குறைவது. இரண்டையும் நாமே அளந்து பார்க்கும் வழி இது.

1. உலாவியிலேயே பைதான் நிரல் ஓட்டும் கூகுள் கோலாபில், விண்மீன் ஒளித்தரவை அலசும் லைட்கர்வ் என்ற பைதான் தொகுப்பை நிறுவுங்கள். விண்மீன் பெயரைக் கொடுத்து, விண்மீன்களின் ஒளியை அளக்கும் டெஸ் செயற்கைக்கோளின் 120 விநாடித் தரவில் ஒரே ஒரு செக்டாரை (ஒரே வானப்பகுதியைத் தொடர்ந்து பார்த்த ஒரு தவணை) இறக்குங்கள்.

2. நேரத்துக்கு எதிராக ஒளியளவை வரைந்து பாருங்கள். சுமார் 27 நாளில் ஐம்பதுக்கு மேல் அலைகள். புள்ளி நம் பக்கம் திரும்பும்போது பள்ளம், மறையும்போது மேடு. நடுநடுவே ஊசி மாதிரி நிமிர்ந்து, மெல்லச் சரிபவை காந்த வெடிப்புகள்.

3. ஊசிகளை நீக்க, முதலில் அலையைத் தட்டையாக்கி அவை இருக்கும் நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மூலத்தரவிலிருந்து அந்த நேரங்களை மட்டும் வெட்டுங்கள். நான் முதல்முறை தட்டையாக்கிய தரவையே அடுத்த படிக்கு அனுப்பிவிட்டு, சுழலைக் காணோம் என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன்!

4. தரவில் எந்தக் கால இடைவெளி திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்டும் லாம்ப்-ஸ்கார்கிள் வரைபடம் போடுங்கள். 0.514 நாளில் சிகரம் வரும். சில செக்டாரில் 0.257 உயர்ந்து நின்றால் பயப்பட வேண்டாம். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு புள்ளிக்கூட்டம் இருந்தால் ஒரு சுற்றில் இரண்டு பள்ளம் விழும்.

5. சுழல் ஒரு மதிய வேலை. சுழற்சிக்கு டெஸ் செக்டார்களை ஒட்டவைத்துப் பயனில்லை: ஒட்டும்போது ஒவ்வொன்றும் தன் இடைநிலை மதிப்புக்கே சமன்செய்யப்படும், ஆண்டுக்கு ஆண்டு வந்த மங்கல் அங்கேயே தொலைந்துபோகும். தரைத் தொலைநோக்கிகள் ஒரே நிற வடிகட்டியில் எடுத்த பழைய ஒளியளவுகளைத் திரட்டி, ஆண்டுச் சராசரியை வரையுங்கள். சூரியன் புள்ளி மிகுந்த காலத்தில் துளி பிரகாசமாகும், ஏபி டோராடஸ் மங்கும்.

இப்படிப் பல ஆண்டுத் தரவை அலசி 2005-இல் வந்த ஓர் ஆய்வு, சுமார் 20 ஆண்டுச் சுழற்சி என்றது. நியாயமான கணக்குதான். ஆனால் இரண்டு முழுச் சுழற்சியாவது தரவில் தெரியாத எண்ணுக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவைப்பேன்.