வேகம் வேறு, அளவு வேறு: வீட்டு உப்பை வைத்துக் கரைசல் படிப்போம்

சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகளிடம், "தண்ணியை நல்லாக் கலக்கினா கூடுதலா உப்புக் கரையுமா?" என்று கேட்டால் பலர் யோசிக்காமல் "ஓம்" என்பார்கள். கரைசல் பாடத்தில் பிள்ளைகள் பிழை விடும் இடம் பெரும்பாலும் இதுதான். எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு கரையும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாடத்தின் மிச்சம் தானாகப் பிடிபடும். அதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், குசினி போதும். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி: கடைசிப் பரிசோதனைக்கான கரைசல் கடற்கரையில் இலவசமாகக் கிடைக்கிறது.

எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, மில்லிலீற்றர் கோடு போட்ட பால் போத்தல், ஒரே அளவான நாலு கண்ணாடிக் கிளாஸ், கரண்டி, உப்பை நிறுக்க ஒரு யோகட் கோப்பை, வெள்ளைப் பீங்கான் தட்டு, கொஞ்சம் தையல் நூல். பொருட்களில் கல்லுப்பு, தூள் உப்பு, சீனி, மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய். கடையில் வாங்கும் தூள் உப்பு கட்டிபடாமல் இருக்க வேறு ஏதாவது சேர்த்திருப்பார்கள். அதனால் அந்தக் கரைசல் சற்றுக் கலங்கலாகத் தெரியலாம். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் தெளிவாகப் பார்க்க வேண்டிய இடங்களில் கல்லுப்பையே பாவியுங்கள்.

சொற்கள் மூன்றே மூன்று. கரைகிற பொருள் கரையம், கரைக்கிற பொருள் கரைப்பான், இரண்டும் சேர்ந்து எந்தத் துளியை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும் கலவை கரைசல்.

படி 1: உப்பு எங்கும் போய்விடவில்லை

ஒரு கிளாசில் 100 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். யோகட் கோப்பையில் 10 கிராம் உப்பு. கிளாசையும் கோப்பையையும் கரண்டியையும் ஒன்றாகத் தராசில் வைத்து நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உப்பைக் கொட்டி, கரையும்வரை கலக்கி, எல்லாவற்றையும் திரும்ப வையுங்கள். எண் மாறாது. கண்ணுக்குத் தெரியாமல் போன உப்பு முழுவதும் கிளாசுக்குள்தான் இருக்கிறது.

படி 2: கரைவதைக் கண்ணால் பார்ப்பது

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம். பெரிய உப்புக் கல் ஒன்றை நூலில் கட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கிளாசில், மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கவிடுங்கள். கிளாசை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, தண்ணீர் அசையாமல் பாருங்கள். கல்லின் அடியிலிருந்து மெல்லிய நெளிகோடுகள் கீழ்நோக்கி இறங்கும். அது உப்பு ஏறிய தண்ணீர். அடர்த்தி கூடியதால் கீழே போகிறது. வெறும் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் ஒளி வளையும் அளவு வேறு என்பதால்தான் அந்தக் கோடு கண்ணில் படுகிறது.

கொஞ்ச நேரம் கழித்துக் கல்லை வெளியே எடுத்துப் பாருங்கள். மூலைகளும் விளிம்புகளும் மழுங்கியிருக்கும், தட்டையான முகங்கள் அவ்வளவாக மாறியிராது. காரணம் பளிங்கின் அமைப்பில் இருக்கிறது. உப்பு என்பது சோடியம் குளோரைட்டு. அதில் நேர் ஏற்றம் உள்ள சோடியம் அயன்களும் மறை ஏற்றம் உள்ள குளோரைட்டு அயன்களும் மாறி மாறி, சதுரச் சதுரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பளிங்கின் உள்ளே இருக்கும் அயனை ஆறு பக்கத்திலும் எதிர் அயன்கள் பிடித்திருக்கும். முகத்தில் இருப்பதை ஐந்து, விளிம்பில் இருப்பதை நாலு, மூலையில் இருப்பதை மூன்று. பிடி குறைந்த இடத்தில்தான் தண்ணீர் முதலில் கைவைக்கிறது.

தண்ணீர் மூலக்கூறு மின்னளவில் ஒரே சீரானதல்ல. ஒட்சிசன் பக்கம் சற்று மறை, ஐதரசன் பக்கங்கள் சற்று நேர். ஆகவே ஒட்சிசன் பக்கங்கள் சோடியம் அயனை நோக்கித் திரும்பும், ஐதரசன் பக்கங்கள் குளோரைட்டு அயனை நோக்கித் திரும்பும். பல மூலக்கூறுகள் சூழ்ந்து இழுக்க, அயன் பளிங்கிலிருந்து கழன்று, தண்ணீர் போர்த்தபடி விலகிப் போகிறது. சீனியின் கதை வேறு. அங்கே அயன்கள் இல்லை. முழுச் சீனி மூலக்கூறே உடையாமல் கழன்று வருகிறது, தண்ணீருடன் ஐதரசன் பிணைப்புகளை ஏற்படுத்திக்கொள்கிறது. உப்புக் கரைசல் மின்னைக் கடத்துவதும் சீனிக் கரைசல் கடத்தாததும் இதனால்தான்.

படி 3: வேகத்தைச் சோதிப்பது

நாலு கிளாசிலும் 100 மில்லிலீற்றர் தண்ணீர். நாலாவதில் மட்டும் கை பொறுக்கும் சூட்டில். ஒவ்வொன்றுக்கும் 5 கிராம் உப்பு. முதலாவதில் கல்லுப்பைப் போட்டுத் தொடாமல் விடுங்கள். இரண்டாவதில் கல்லுப்பைப் போட்டுக் கலக்குங்கள். மூன்றாவதில் தூள் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். நாலாவதில் கல்லுப்பைப் போட்டுக் கலக்குங்கள். நேரத்தைத் தொலைபேசியில் பாருங்கள்.

தூள் உப்பு முந்தும், ஏனென்றால் தண்ணீர் தொடக்கூடிய பரப்பு அதில் கூட. தொடாமல் விட்டது கடைசியாக வரும். படி 2இல் பார்த்த நெளிகோட்டை நினைத்தால் அதன் காரணம் புரியும்: இறங்கிய உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கும் கல்லைச் சுற்றியே தங்கிவிடுகிறது, புதுத் தண்ணீர் கிட்ட வருவதில்லை. கலக்குவது அந்தப் படையை அகற்றுகிறது. அவ்வளவே. முடிவில் நாலு கிளாசிலும் கரைந்திருப்பது அதே 5 கிராம்.

படி 4: அளவைச் சோதிப்பது

இப்போது புதிதாக 100 மில்லிலீற்றர் தண்ணீர். ஐந்து ஐந்து கிராமாக உப்பைச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் முழுதாகக் கரையவிட்டு அடுத்ததைப் போடுங்கள். 30 வரை சிரமம் இராது. அதன்பின் ஒவ்வொரு கிராமாகப் போடுங்கள். 36 கிராமை ஒட்டி ஓரிடத்தில், எவ்வளவு கலக்கினாலும் அடியில் உப்பு மிஞ்சி நிற்கும். கை வலிக்கக் கலக்குங்கள், அரைத்துப் போடுங்கள், இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். அந்த வெப்பநிலையில் மிச்சம் கரையாது. இதுதான் நிரம்பிய கரைசல். 100 கிராம் தண்ணீரில் நிரம்பும்வரை கரையும் அந்த அளவே உப்பின் கரைதிறன்.

அடியில் கிடக்கும் உப்பு சும்மா கிடக்கிறது என்று நினைக்கக்கூடாது. அதிலிருந்து அயன்கள் கழன்றுகொண்டேதான் இருக்கின்றன, அதே வீதத்தில் வேறு அயன்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. போவதும் வருவதும் சமமாவதால் அளவு மாறாமல் நிற்கிறது. சமநிலை என்ற சொல்லை உயர்தரத்தில்தான் விரிவாகப் படிப்பார்கள். என் எண்ணத்தில் அதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை, இப்போதே மனதில் போட்டு வையுங்கள்.

இதே கிளாசில் இன்னொன்றையும் கவனியுங்கள். 36 கிராம் உப்பின் கனவளவு ஏறத்தாழ 17 மில்லிலீற்றர். 100உடன் கூட்டினால் 117 வரவேண்டும். கரைசலைப் பால் போத்தலில் ஊற்றி அளந்தால் 113ஐ ஒட்டித்தான் நிற்கும். அயன்கள் தண்ணீர் மூலக்கூறுகளைத் தம்மை நோக்கி இழுத்து நெருக்கி வைப்பதால் கனவளவு சுருங்குகிறது. நிறை கூட்டினால் சரிவரும், கனவளவு கூட்டினால் சரிவராது.

படி 5: சூடு என்ன செய்யும்

எல்லாப் பொருளும் சூட்டில் கூடுதலாகக் கரையும் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு உப்பே பதில் சொல்லும். நமது ஊர் அறை வெப்பநிலையில், 30 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் தண்ணீரில் உப்பு ஏறத்தாழ 36 கிராம். கொதிக்கும் தண்ணீரிலும் 39தான். சீனியோ 30 பாகையில் 215 கிராம் அளவிலும் 80 பாகையில் 360 கிராம் அளவிலும் கரையும். சூடான நிரம்பிய சீனிப்பாகை ஆறவிட்டு நூல் தொங்கவிட்டால் கற்கண்டு பிடிப்பது இந்தப் பெரிய வித்தியாசத்தால்தான். உப்பில் அந்த வித்தை பலிக்காது, உப்பைப் பளிங்காக்கத் தண்ணீரை ஆவியாக்கியே ஆகவேண்டும். (சூடான பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.)

வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு எதிர்த்திசையில் போகிறது. அது தண்ணீரில் கரைவதே சொற்பம், சூடாக்கினால் இன்னும் குறையும்.

வாயுக்களும் அப்படித்தான். வெயிலில் கிடந்த சோடாப் போத்தலைத் திறந்தால் பொங்குவது, சூடான நீரில் காபனீரொட்சைட்டு தங்க முடியாததால். 0 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் காற்றிலிருந்து ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறும் ஒரே சூடு இல்லை. மற்றதெல்லாம் ஒன்றுபோல் இருந்தால், எந்தக் கிணற்று நீர் அதிக ஒட்சிசனைத் தாங்கும் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

படி 6: எது எதில் கரையும்

ஒரு கிளாசில் தண்ணீர், இன்னொன்றில் தேங்காய் எண்ணெய். இரண்டிலும் அரைக் கரண்டி மஞ்சள் தூள் போட்டுக் கலக்கி, ஒரு மணித்தியாலம் விடுங்கள். தண்ணீரில் தூள் பெரும்பாலும் அடியில் படியும், மேலே நிறம் வெளிறிக் கிடக்கும். எண்ணெயோ தெளிவான ஆழ்ந்த மஞ்சளாகும். உப்பை எண்ணெயில் போட்டால் அப்படியே கிடக்கும். தண்ணீர் முனைவுள்ள கரைப்பான், அதாவது படி 2இல் பார்த்ததுபோல மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று மறை, மறுபக்கம் சற்று நேர்; அது அயன்களையும் முனைவுள்ள மூலக்கூறுகளையும் ஏற்கும். எண்ணெய் முனைவற்றது, மஞ்சளின் நிறப்பொருள் போன்றவற்றை ஏற்கும். மீன்குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெய் சிவப்பாக இருப்பது மிளகாயின் நிறம் அதில் கரைந்ததால். உப்பு முழுவதும் கீழே குழம்பில்தான்.

படி 7: செறிவைக் கணக்கிடுவது

நிறைவீதம் எளிது. நிரம்பிய உப்புக் கரைசலில் 36 கிராம் உப்பு, மொத்தம் 136 கிராம், ஆகவே 26.5 வீதம். தண்ணீரின் நிறையால் மட்டும் பிரித்துவிடாதீர்கள், கரைசலின் நிறையால் பிரிக்க வேண்டும்.

லீற்றருக்கு ஒரு மூல் செறிவுள்ள கரைசல் 250 மில்லிலீற்றர் வேண்டுமா? சோடியம் குளோரைட்டின் மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூலின் நிறை, 58.5 கிராம். நாலில் ஒன்று 14.6 கிராம், நம் தராசில் 15. அதைப் பால் போத்தலில் 150 மில்லிலீற்றர் அளவு தண்ணீரில் முதலில் கரைத்து, பிறகு 250 கோடு வரை தண்ணீர் விடுங்கள். 250 மில்லிலீற்றரை அளந்துவிட்டு அதற்குள் உப்பைக் கொட்டுவது பிழை. ஏன் என்று படி 4 சொல்லியிருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள்: ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண சேலைனில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு. திறந்த கடல் நீரில் கரைந்த உப்புகள் மொத்தம் லீற்றருக்கு 35 கிராமை ஒட்டி.

படி 8: கடல்நீரைக் காயவைப்பது

உப்புவெளிக் கடற்கரையில் ஒரு போத்தல் நீர் எடுத்து, துணியில் வடித்து, 500 மில்லிலீற்றரை அளந்து, வெறுமையாக இருக்கும்போதே நிறை பார்த்துக் குறித்த சில்வர் சட்டியில் ஊற்றுங்கள். அலுமினியம் வேண்டாம், உப்பு அதை அரிக்கும். மெல்லிய நெருப்பில் 100 மில்லிலீற்றர் அளவுக்கு வற்றவிட்டால் அடியில் மாப்போல வெள்ளைப் படிவு தெரியும். அது உப்பில்லை. கல்சியம் காபனேற்றும், அதன் பின்னால் ஜிப்சம் எனப்படும் கல்சியம் சல்பேற்றும். கரைதிறன் குறைந்தவை முதலில் நிரம்பிவிடுகின்றன. 50 மில்லிலீற்றரை, அதாவது பத்தில் ஒன்றை நெருங்கும்போதுதான் சோடியம் குளோரைட்டு நிரம்பும். இங்கே அடுப்பை நிறுத்தி, வெறுந்தட்டின் நிறையையும் குறித்துவிட்டு, நீரை அதில் ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர்ப்பரப்பில் சின்னச் சின்னச் சதுரங்கள் மிதக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, படிப்படியாக இறங்கும் தலைகீழ்க் கூம்பகமாக இருக்கும். விளிம்புகள் வேகமாக வளர, நடு பின்தங்குவதால் வரும் வடிவம் அது. பாரம் கூடியதும் ஒவ்வொன்றாக அமிழ்ந்து போகும்.

நிலாவெளிப் பக்க உப்பளங்களில் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி விடுவதன் இரசாயனமும் இதுதான். முன் பாத்திகளில் கல்சியம் உப்புகள் படியும், பின் பாத்தியில் நல்ல உப்பு விளையும், கடைசியில் மிஞ்சும் மகனீசியம் நிறைந்த கசப்பு நீரை அகற்றிவிடுவார்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் உங்கள் தட்டும் விரைவாகக் காயும். ஆனால் கடைசி ஈரம் இலகுவில் போகாது. மகனீசியம் குளோரைட்டு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. அதனால் நிறுக்கும்போது எண் சற்றுக் கூடுதலாகக் காட்டும், அதைக் குறிப்பில் எழுதுங்கள். சட்டியின் அடியில் ஒட்டிய படிவையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 17 கிராமை எதிர்பார்க்கலாம். இந்த உப்பைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. மூதூர்ப் பக்கம் உறவினர் இருந்தால் மார்கழி மழைக்குப் பின் அங்கிருந்து ஒரு போத்தல் நீர் எடுத்துவரச் சொல்லி, அதே நாளில் எடுத்த உப்புவெளி நீருடன் சேர்த்து, ஒரே அளவில், ஒரே மாதிரிக் காயவையுங்கள். ஒவ்வொன்றிலும் 500 மில்லிலீற்றரிலிருந்து மிஞ்சிய உப்பின் நிறையை இரண்டால் பெருக்கினால் லீற்றருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். எது குறையும், ஏன் குறையும் என்பதைத் தராசில் வைக்க முன்னரே கொப்பியில் எழுதி வைத்துவிட்டு நிறுங்கள்.