எஸ்.எஸ்.பி.யில் தேர்வாகாமல் திரும்பிய பிறகு மறுபடியும் தயாராவது எப்படி?

எழுத்துத் தேர்வில் வென்று, முப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.க்காக (சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு) பெங்களூருக்கோ போபாலுக்கோ ரயிலேறி, கடைசி நாளில் தன் எண் வாசிக்கப்படாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல்முறை போகிறவர்களுக்கும் பயன்படும்.

எஸ்.எஸ்.பி.யில் ஒரு சங்கடம் உண்டு. ஏன் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வெற்றிடத்தைப் பலர் பயிற்சி மையத்தின் மாதிரி விடைகளால் நிரப்பிக்கொள்கிறார்கள். அடுத்த தோல்விக்கு அங்கேயே அடித்தளம் விழுந்துவிடுகிறது என்பது என் கருத்து. மாற்ற வேண்டியது விடைகளை அல்ல, இரண்டு முயற்சிகளுக்கு நடுவே இருக்கும் மாதங்களை.

படி 1: எங்கே நின்றீர்கள்?

ஒரு நோட்டில் முந்தைய முயற்சி ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: எந்த நுழைவு, எந்த மையம், எந்தத் தேதி, செஸ்ட் நம்பர் (நெஞ்சில் அணியும் எண்) என்ன, எந்தக் கட்டத்தில் வெளியேறினீர்கள். பி.ஐ.க்யூ. என்ற தன்விவரப் படிவத்தில் பழைய முயற்சிகளின் விவரம் கேட்கப்படும் என்பதால் இது எப்படியும் தேவைப்படும். மறைக்க நினைக்காதீர்கள், முன்பு தோற்றது தகுதிக் குறைவு ஆகாது.

முதல் நாள் வடிகட்டலிலேயே ஸ்கிரீன் அவுட் ஆனவரும், ஐந்தாம் நாள் மதிப்பீட்டாளர்கள் கூடி முடிவெடுக்கும் கான்ஃபரன்ஸ் வரை போய் அவுட் ஆனவரும் ஒரே மாதிரித் தயாராவதில் அர்த்தமில்லை. முன்னவர் படி 2-இல் அதிக நாள் செலவிடட்டும். பின்னவர் அதை வேகமாகக் கடக்கலாம். கான்ஃபரன்ஸ் அறையில் எத்தனை நிமிடம் உட்கார வைத்தார்கள், தலைவர் சிரித்தாரா என்று ஆராய்வது வீண் வேலை.

படி 2: முதல் நாள்

நுண்ணறிவுத் தேர்வுக்கு வேகமே பிரதானம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு தினமும் பயிற்சி செய்தால் போதும்.

படக்கதைதான் பலரைக் கவிழ்க்கிறது. மங்கலான படத்தை 30 விநாடி காட்டுவார்கள். பாத்திரங்களின் வயது, பாலினம், மனநிலையைக் குறிக்க ஒரு நிமிடம், கதை எழுத நான்கு நிமிடம். படத்தில் ஆற்றங்கரை, ஒரு படகு, மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். மனப்பாடக்காரர் உடனே வெள்ளத்தை வரவழைத்து, நாயகனைக் குதிக்க வைத்து, ஊரைக் காப்பாற்றி, கலெக்டர் கையால் பரிசும் கொடுத்துவிடுவார். படத்தைப் பார்த்தவர் வேறு மாதிரி எழுதுவார்: படகோட்டியின் மகன் படகில் கசிவைக் கவனிக்கிறான், மறுநாள் காலை பள்ளிப் பிள்ளைகளை அக்கரை சேர்க்க வேண்டும், தச்சரை அழைத்துவந்து, நண்பனைத் துணைக்கு வைத்து, இருட்டுவதற்குள் அடைக்கிறான். யார், என்ன சிக்கல், எப்படித் தீர்த்தான் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. பிறகு கதையைப் பற்றிக் குழுவில் நடக்கும் விவாதத்தில் சந்தைக் கூச்சல் கிளம்பும். அதில் இரண்டு முறை தெளிவாகப் பேசி, பிறர் சொன்ன ஒன்றை எடுத்து வளர்ப்பது, பத்து முறை கத்துவதைவிட மேல்.

படி 3: காகிதத்தில் தெரியும் ஆள்

உளவியலாளர் உங்கள் எழுத்தை வைத்தே மதிப்பிடுகிறார். குழுச் சோதனைகளை நடத்தும் அதிகாரியான ஜி.டி.ஓ. மைதானத்தில் பார்க்கிறார். நேர்காணல் அதிகாரி பேச்சைக் கேட்கிறார். மூவரும் தனித்தனியே மதிப்பிட்டுவிட்டுக் கடைசி நாள்தான் ஒன்றாக உட்காருகிறார்கள். அவர்கள் தேடுவது 15 அதிகாரிப் பண்புகளை. எழுத்தில் வீரனாகவும் மைதானத்தில் தயங்குபவனாகவும் இருந்தால் அன்றைக்கு அது வெளிப்பட்டுவிடும்.

சொல் சோதனையில் 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத 15 விநாடி. ‘கடன்’ என்ற பொருளில் ஒரு சொல் வந்தால் ‘கடன் வாங்குவது தவறு’ என்று எழுதுவது உபதேசம். ‘கல்விக் கடனை வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே அடைத்தான்’ என்பதில் ஒரு மனிதன் தெரிகிறான். சூழ்நிலைச் சோதனையில், இந்த நிலையில் என்ன செய்வீர்கள் என்று 30 நிமிடத்தில் 60 கேள்விகள். ‘முயற்சி செய்வான்’ என்று இழுக்காமல், செய்த செயலையும் முடிவையும் தந்திமொழியில் எழுதிப் பழகுங்கள்.

ரிப்பீட்டர்கள், அதாவது மறுபடியும் வருகிறவர்கள், அலட்சியம் செய்வது 15 நிமிடச் சுயவிவரணத்தை. பெற்றோர், ஆசிரியர், நண்பர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நீங்களே என்ன நினைக்கிறீர்கள், எப்படி ஆக விரும்புகிறீர்கள் என்று எழுத வேண்டும். ‘என் பெற்றோர் என்னைப் பொறுப்பானவன் என்பார்கள்’ என்று கற்பனையில் எழுதாதீர்கள், போய்க் கேளுங்கள். ‘கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துவிடுவான், ஆனால் ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் மறுக்க மாட்டான்’ என்று அம்மா சொன்னால், அதுதான் சரக்கு. அந்தக் கோபத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

படி 4: ‘போன முறை ஏன் கிடைக்கவில்லை?’

நேர்காணலில் இந்தக் கேள்வி அநேகமாக வரும். ‘தன்னம்பிக்கை குறைவாக இருந்தது சார், இப்போது செய்தித்தாள் படிக்கிறேன்’ என்ற பதிலை அவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘குழுவில் என் யோசனையைச் சொன்னதும் மற்றவர்களைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். இந்த ஆறு மாதத்தில் கல்லூரி விளையாட்டு விழாவின் சாப்பாட்டு ஏற்பாட்டை எடுத்துக்கொண்டேன். சமையல்காரர் சொன்னதால் திட்டத்தை இரண்டு முறை மாற்றினேன்.’ அடுத்த கேள்வி நிச்சயம்: எத்தனை பேருக்குச் சமையல், செலவு எவ்வளவு, எது கெட்டுப்போனது? நிஜமாகச் செய்தவர் மடமடவென்று சொல்வார். இட்டுக்கட்டியவர் மூன்றாம் கேள்வியில் மாட்டுவார்.

ஆகவே திரும்பி வந்த மாதமே ஏதாவது ஒரு பொறுப்பில் கையை வையுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேலையிலேயே அது கிடைக்கும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆங்கிலம் அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை, தடையில்லாமல் வந்தால் போதும். லெக்சரெட் என்ற சிறு சொற்பொழிவில் ஒரு சீட்டில் நான்கு தலைப்புகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூன்று நிமிடம் யோசித்து, மூன்று நிமிடம் பேச வேண்டும். வீட்டில் தினம் ஒரு தலைப்பைப் பேசிக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

படி 5: மைதானம்

ரிப்பீட்டருக்கு இங்கே ஒரு தனி வியாதி உண்டு. முதல் நாள் இரவே தங்குமிடத்தில் அவர் வாத்தியாராகிவிடுவார். புதியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு மைதானத்தில், தடையைக் கடக்கக் குழுவுக்குத் தரும் பலகையையும் கயிற்றையும் கண்டதும், ‘எனக்குத் தெரியும்’ என்று ஓடிப்போய் நிற்பார். கட்டமைப்பு வேறாக இருக்கும், அவருடைய பழைய தீர்வு எட்டாது, அதற்குள் குழு அவரை விட்டுவிட்டு நகர்ந்திருக்கும். வாரத்தில் சில நாள் கபடியோ வாலிபாலோ ஆடினால் இந்த வியாதி குறையும். சில நாள் கேப்டனாக இல்லாமலும் ஆடுங்கள்.

தனிநபர் தடைகள் பத்து, நேரம் மூன்று நிமிடம். கடினத்தைப் பொறுத்து ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண். கயிறு ஏறுதலும் ஓட்டமும் பழகியிருந்தால் பயமில்லை.

படி 6: அடுத்த விண்ணப்பம்

வயதைக் கணக்கிடுங்கள். என்.டி.ஏ.வுக்கு (தேசியப் பாதுகாப்பு அகாடமி) 19½ வயதோடு கதவு மூடும், பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ். தேர்வு வழியாகச் சென்னை பரங்கிமலை ஓ.டி.ஏ.வுக்கு (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) 25 வரை நேரம் உண்டு. என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாத சிறப்பு நுழைவு இருக்கிறது. விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கான கணினி வழி விமானித் தகுதிச் சோதனை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதில் தவறியவர்கள் தரைப் பணிப் பிரிவுகளைப் பார்க்கலாம். தேர்வானபின் மருத்துவப் பரிசோதனையில் திடுக்கிடாமல் இருக்கக் கண், காது, எடை, தட்டைப் பாதம் ஆகியவற்றை இப்போதே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரே வகை நுழைவுக்கு மறுமுறை போகிறவர்களுக்குப் பயணப்படி கிடையாது. ரயில் கட்டணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அழைப்புக் கடிதம் வந்ததும் டிக்கெட் போடுங்கள்.