அரிதான இங்கிலீஷ் வார்த்தைகளை மனதில் நிறுத்துவது எப்படி: செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வழி

தமிழ்நாடு, கேரள எல்லைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு வார்த்தை சேர்ப்பது புதிய வேலை இல்லை. செங்கோட்டையில் பஸ் ஏறி, புளியரை தாண்டி ஆரியங்காவில் இறங்கினால் குடிக்க 'வெள்ளம்' கேட்கிறோம்; திரும்பி வந்ததும் அதே வெள்ளம் ஆற்றில் கரைபுரண்டு வருவதாக ஆகிவிடுகிறது. 'சம்சாரம்' நமக்கு மனைவி, அங்கே பேச்சு. 'அவசரம்' நமக்குப் பரபரப்பு, மலையாளத்தில் வாய்ப்பு, அதையே தெலுங்கில் சொன்னால் தேவை. இதையெல்லாம் யாரும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. சந்தையிலும் கல்யாண வீட்டிலும் கேட்டு, ஒரு தடவை தப்பாகச் சொல்லி, யாராவது திருத்தி, அப்படியே ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷில் அரிதான வார்த்தைகளையும் இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 'ஐந்நூறு கடினமான வார்த்தைகள்' என்று போனுக்கு வரும் பிடிஎஃப்பை மூடி வையுங்கள். அதில் வார்த்தை இருக்கும், அது புழங்கும் இடம் இருக்காது.

முதலில் நம் மண்ணிலிருந்து போன வார்த்தைகளைப் பிடியுங்கள். அவை பாதி தெரிந்தவை. தேங்காய் நாருக்கு இங்கிலீஷில் சொல்லும் 'காயர்' மலையாளத்துக் கயர்தான். 'காப்ரா' நம் கொப்பரை. தேக்கு போர்த்துகீசியர் வாயில் தெக்கா ஆகி, அப்புறம் 'டீக்' ஆனது. இவை பலருக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள். 'செரூட்' என்றால் சுருட்டு, 'அனிகட்' அணைக்கட்டு, 'முல்லிகடானி' என்று ஹோட்டல் மெனுவில் இருக்கும் சூப் நம் மிளகுத்தண்ணி. 'பேண்டிகூட்' என்ற பெருச்சாளி தெலுங்கின் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி. யூல், பர்னெல் இருவரும் சேர்ந்து தொகுத்து 1886-ல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் என்ற அகராதி முழுக்க இந்த மாதிரி வார்த்தைகள்தான், இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஒரு மாலை அதைப் புரட்டிப் பாருங்கள், இங்கிலீஷ் மேல் இருக்கும் பயம் பாதி போய்விடும்.

அடுத்தது, உங்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று தேடுங்கள். பொருளிலிருந்து வார்த்தைக்குப் போவதுதான் சுலபம், வார்த்தையிலிருந்து பொருளுக்கு வருவது கஷ்டம். ஜூன், ஜூலையில் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று வந்து நம் ஊரில் சாரல் அடிக்கிறதே, குடை பிடித்தாலும் நனைக்கும், பிடிக்காவிட்டாலும் பெரிதாக நனைக்காது, அதற்கு 'ட்ரிஸில்' எல்லாருக்கும் தெரியும். 'மிஸில்' என்று இன்னொன்று இருக்கிறது. மூடுபனியும் தூறலும் கலந்த மாதிரியான பொடி மழை. என்னைக் கேட்டால் சாரலுக்கு அதுதான் நெருக்கம்.

மண்வாசனைக்கு 'பெட்ரிகோர்'. 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இரண்டு பேர் உருவாக்கிய வார்த்தை. கிரேக்கத்தில் பெட்ரா என்றால் கல். இக்கோர் என்பது கிரேக்கக் கதைகளில் கடவுள்களின் நரம்பில் ஓடுவது. எழுதும்போது கடைசி 'ஓர்' ஒலிக்கு முன்னால் சி எச் வரும், உச்சரிப்பு க. ஒன்றைக் கவனியுங்கள்: இது எல்லா மழை வாசனையும் இல்லை, காய்ந்து கிடந்த மண்ணில் விழும் மழைக்கு மட்டும்தான். சித்திரை வெயிலுக்குப் பின் வரும் முதல் மழைக்குச் சொல்லலாம், சாரல் சீசன் நடுவில் சொன்னால் பொருந்தாது.

நாளை மறுநாளுக்கு மலையாளத்தில் மற்றன்னாள், தெலுங்கில் எல்லுண்டி என்று ஒற்றை வார்த்தை உண்டு. இங்கிலீஷ்காரர்கள் நான்கு வார்த்தை சொல்கிறார்கள். ஆனால் அவர்களிடமும் 'ஓவர்மாரோ' என்று ஒன்று இருந்தது, 1535-ல் அச்சான இங்கிலீஷ் பைபிளில் வருகிறது, அப்புறம் வழக்கொழிந்துவிட்டது. பேச்சில் பயன்படுத்தாதீர்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேர் பார்ப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. லத்தீனில் க்ரெக்ஸ் என்றால் மந்தை. மலையடிவாரத்தில் ஆட்டுக்கிடை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மந்தையாகக் கூடினால் 'காங்க்ரிகேட்', மந்தையிலிருந்து பிரித்தால் 'செக்ரிகேட்', கூட்டத்தோடு இருக்கப் பிரியப்படுபவர் 'க்ரிகேரியஸ்', மந்தைக்கு வெளியே தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பது 'எக்ரீஜியஸ்'. இந்தக் கடைசி வார்த்தை ஒரு காலத்தில் 'தனிச் சிறப்பான' என்று இருந்தது, இன்றைக்கு 'படுமோசமான' என்று ஆகிவிட்டது. ஒரு ஆட்டுமந்தையை மனதில் நிறுத்தினால் நான்கு வார்த்தையும் நிற்கும். அதே மாதிரி சோம்னஸ் என்றால் தூக்கம்: தூக்கம் வராதது 'இன்சோம்னியா', தூக்கக் கலக்கம் 'சோம்னலன்ட்', தூக்கத்தில் நடப்பவர் 'சோம்னாம்புலிஸ்ட்'. மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு, ஒரு தொடருக்கு ஒரே சொல் கேட்கும் கேள்விகளில் இது நேராகவே கைகொடுக்கும்.

நோட்டுப் புத்தகம் கட்டாயம். ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தை போதும். எழுத்து, உச்சரிப்பு, தமிழில் பொருள், கூடவே உங்கள் வீட்டையோ தெருவையோ பற்றி நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். அகராதி வாக்கியத்தைக் காப்பி அடித்தால் நிற்காது. உச்சரிப்பை எழுத்தை வைத்து ஊகிக்காமல், ஆன்லைன் அகராதியில் ஒலிக்குறியை அழுத்திக் கேளுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டுத் திரும்பிப் பாருங்கள். மறதியைப் பற்றித் தன்மேலேயே சோதனை செய்து எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே எழுதியிருக்கிறார். ஒரே ராத்திரியில் உருப்போடுவதைவிட விட்டு விட்டுப் படிப்பதுதான் தங்கும். போனில் செய்வதானால், கேள்வி அட்டை காட்டிப் பழக்கும் ஆங்கி (Anki) ஆப் இந்த இடைவெளியைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

பயன்படுத்தும்போது நிதானம் வேண்டும். ஒரு பெரியவரின் பிரிவு உபசாரத்துக்கு நான் எழுதிக் கொடுத்த வாழ்த்தில், மனம் நிறைந்த பாராட்டு என்று நினைத்து 'ஃபுல்சம்' போட்டுவிட்டேன். அளவு மீறிய, பொய் வாடை அடிக்கும் புகழ்ச்சி என்றுதான் பலர் அதை எடுத்துக்கொள்வார்கள். நல்லவேளை, படிப்பதற்கு முன் ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார். 'இனார்மிட்டி'யும் அப்படித்தான், பிரம்மாண்டம் என்று நினைத்து எழுதுகிறார்கள், அதன் பழைய பொருள் கொடுமை. அதனால் புது வார்த்தையை மூன்று வேறு வேறு இடங்களில் படித்துப் பார்க்காமல் வெளியே எடுக்காதீர்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் எடுக்கவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது கொடுத்து, தமிழ்ப் பொருளை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் வார்த்தையைச் சொல்லுங்கள். நான்கு வாரம் தொடர்ந்து வாயில் வராத வார்த்தையை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றை எழுதுங்கள்.